ஒரே மூச்சில் டயல் ஆகாத எண்கள்: டயல்-அப் மோடத்தை அமைக்க முழுமையான வழிகாட்டி

நேரடி லைனில் ஓர் எண்ணை அழைப்பது மோடத்துக்குப் பழகிய வேலை. ஆனால் 9 அழுத்தி வெளி லைன் எடுத்து, டோன் வரும்வரை நின்று, கட்டணமில்லா எண்ணை அழைத்து, "உங்கள் அட்டை எண்ணை அழுத்துங்கள்" என்ற குரல் முடியும்வரை பொறுத்து, அட்டை எண்ணைக் கொடுத்து, அதற்கப்புறம்தான் போய்ச்சேர வேண்டிய எண் என்றால் பெரும்பாலான மோடம்கள் இரண்டாம் படியிலேயே சறுக்கிவிடும். நாம் போனைக் கையில் எடுத்து இதைச் செய்யும்போது காது கேட்டுக் கேட்டு விரலுக்குச் சொல்கிறது. மோடத்தின் காதுக்கு டயல் டோன், பிஸி டோன், அமைதி, எதிர்முனை மோடத்தின் சத்தம் ஆகியவைதான் தெரியும். மனிதக் குரல் அதற்குப் புரியாது. எனவே எந்த இடத்தில் மோடத்தின் காதை நம்பலாம், எந்த இடத்தில் கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டும் என்று பிரித்து வைப்பதுதான் இங்கே மொத்த வேலையும்.

ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு தன் டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. ஆனாலும் தொலைவில் இருக்கும் ரவுட்டரின் கன்சோல், பழைய பிபிஎக்ஸின் (அலுவலக உள் தொலைபேசி இணைப்பகம்) பராமரிப்பு போர்ட், அளவீட்டுக் கருவிகள் என்று மோடம் வழியாக மட்டுமே எட்டக்கூடியவை இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குப் பொறுப்பானவர்களுக்கும், பழைய கணினிகளைப் பேணுகிறவர்களுக்கும் இது உதவும். எடுத்துக்காட்டாக வட அமெரிக்க அலுவலக பிபிஎக்ஸும் காலிங் கார்டும் (அழைப்புக் கட்டண அட்டை) சேர்ந்த அழைப்பை எடுத்துக்கொள்கிறோம். இவ்வகை டயலிங் வசதிகளில் பல அந்தத் தேவைக்காகவே உருவானவை. இந்திய அலுவலகங்களில் 0 அழுத்தி வெளி லைன் எடுத்து, பிறகு எஸ்டிடி 0 போட்டு அழைப்பதற்கும் இதே முறை பொருந்தும்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை எழுத்தின் பெயரைக் கொண்டு எழுதியிருக்கிறோம். 'டபிள்யூ' என்று இருந்தால் அந்த ஆங்கில எழுத்தைத் தட்ட வேண்டும். ஆங்கிலத்தின் இரண்டு வேறு எழுத்துகள் தமிழில் 'டி' என்றே வருவதால் ஒரு முறை விரித்துச் சொல்லிவிடுகிறோம். 'ஏடிடிடி' என்பதில் முதல் இரண்டு எழுத்துகள் அட்டென்ஷன் என்ற சொல்லிலிருந்து வந்தவை. மூன்றாவது டயல் என்பதன் முதலெழுத்து, நான்காவது டோன் என்பதன் முதலெழுத்து. நான்காவது இடத்தில் பல்ஸ் (பழைய சுழல் டயல் போன்களின் முறை) என்பதன் முதலெழுத்து வந்தால் 'ஏடிடிபி'. எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி படிப்பதற்காக விட்டது. மோடம் அதைப் பொருட்படுத்தாது.

முதலில் போனில் கேளுங்கள்

மோடம் இணையப்போகும் அதே சாக்கெட்டில் சாதாரண டோன் போன் ஒன்றைச் செருகுங்கள். பக்கத்து மேசை எக்ஸ்டென்ஷனில் சோதித்துப் பயனில்லை, ஏனென்றால் பிபிஎக்ஸ் ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனுக்கும் வேறு உரிமை கொடுத்திருக்கலாம். கையில் ஸ்டாப்வாட்சும் தாளும் இருக்கட்டும். ஒவ்வொரு படியிலும் கடைசி எண்ணை அழுத்திய நொடியிலிருந்து என்ன கேட்கிறது, எத்தனையாவது வினாடியில் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

9 அழுத்தியதும்: 1 வினாடிக்குள் வெளி லைன் டோன்.
1 800 555 0199 முடிந்ததும்: 3 வினாடி அமைதி, ஒரு ரிங், பிறகு குரல். 11-ஆவது வினாடியில் குரல் முடிகிறது.
அட்டை எண் 40015566, பிறகு #: 4 வினாடியில் "எண்ணை அழுத்துங்கள்" என்ற குரல் முடிகிறது.
1 212 555 0142 முடிந்ததும்: 6 வினாடியில் ரிங், பிறகு எதிர்முனை மோடத்தின் கீச்சொலி.

(இதில் உள்ள எண்கள் உதாரணத்துக்காக ஒதுக்கப்பட்ட 555 வரிசையைச் சேர்ந்தவை. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

இதைக் காலை, மதியம், மாலை என்று மூன்று முறையாவது செய்யுங்கள். கூட்டமான நேரத்தில் அட்டை நிறுவனத்தின் இயந்திரம் இரண்டு மூன்று வினாடி தாமதமாகவே எடுக்கும். மூன்றில் நீளமான நேரத்தை எடுத்து, அதோடு 2 வினாடி சேருங்கள்.

பலர் விட்டுவிடுகிற ஒரு பாதி இதில் உண்டு. 'எவ்வளவு சீக்கிரம் அழுத்தலாம்' என்பதை மட்டும் பார்த்துவிட்டு, 'எவ்வளவு தாமதமாக அழுத்தலாம்' என்பதைப் பார்ப்பதில்லை. குரல் முடிந்தபின் எதையும் அழுத்தாமல் சும்மா இருந்து பாருங்கள். ஏழெட்டு வினாடி கழித்து அதே அறிவிப்பு மறுபடி தொடங்கலாம், அல்லது லைன் துண்டிக்கப்படலாம். அதேபோல் குரல் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுத்திப் பாருங்கள். சில இயந்திரங்கள் முதல் எண்ணைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு மீதியை வாங்கிக்கொள்ளும். சில, முதல் எண்ணைப் பேச்சை நிறுத்துவதற்கே செலவழித்துவிட்டு இரண்டாவதிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். இப்படி ஒவ்வொரு படிக்கும் திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று ஒரு ஜன்னல் கிடைக்கும். அதன் நடுப்பகுதியைக் குறிவையுங்கள். திறக்கும் விளிம்பில் வைத்தால் திங்கட்கிழமை காலையில் தோற்கும், மூடும் விளிம்பில் வைத்தால் நள்ளிரவில் தோற்கும்.

மோடத்தின் அடிப்படை அமைப்பு

ஹைப்பர்டெர்மினலோ மினிகாமோ, எந்த டெர்மினல் நிரல் இருந்தாலும் சரி. 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் என்று வைத்து 'ஏடி' தட்டி என்டர் கொடுங்கள். 'ஓகே' வர வேண்டும். பிறகு 'ஏடி&எஃப்' கொடுத்துத் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுபோங்கள். யுஎஸ் ரோபோடிக்ஸ் மோடம் என்றால் 'ஏடி&எஃப்1', அதுதான் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலோடு வருவது. யாரோ என்றோ சேமித்து வைத்த பழைய அமைப்பின் மேல் புதியதைக் கட்டினால் பிழை எங்கே என்று தேடியே நாள் போய்விடும்.

அடுத்து 'ஏடிஎம்1எல்3'. டயல் தொடங்கியதிலிருந்து கேரியர் (எதிர்முனை மோடத்தின் இணைப்பு ஒலி) கிடைக்கும்வரை ஸ்பீக்கர் உரக்கக் கேட்கும். டயல் ஸ்ட்ரிங் (எண்களும் குறிகளும் சேர்ந்த டயல் வரி) சரியாகி, பத்து முறை தொடர்ந்து வெற்றி கிடைக்கும்வரை இதை அணைக்க வேண்டாம். மோடம் எங்கே தடுக்கிவிழுகிறது என்பதை வேறு எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

எக்ஸ் கட்டளைதான் மோடத்தின் காதைத் திறப்பதும் மூடுவதும். எக்ஸ்4 என்றால் டயல் டோனையும் பிஸி டோனையும் கேட்கும். எக்ஸ்3 என்றால் டயல் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும், ஆனால் பிஸியைக் கேட்கும். எக்ஸ்2 அதற்கு நேர் எதிர். எக்ஸ்0, எக்ஸ்1 இரண்டிலும் இரு காதும் மூடியிருக்கும். தொழிற்சாலை அமைப்பு பெரும்பாலும் எக்ஸ்4. பிபிஎக்ஸ் பின்னால் இருக்கும் மோடத்துக்கு எக்ஸ்3 என்பதே எங்கள் துணிவான பரிந்துரை. பிபிஎக்ஸ் தரும் உள் டோன் பொதுத் தொலைபேசியின் டோனைப் போல இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாட்டுக்கு நாடும் டோன் மாறும். அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்த ஒலி, பிரிட்டனில் 350-உம் 450-உம், ஜெர்மனியில் 425 மட்டும், இந்தியாவில் 25 ஹெர்ட்ஸால் அசைக்கப்பட்ட 400. ஓர் ஊருக்காகச் செய்த மோடம் இன்னோர் ஊரில் 'நோ டயல்டோன்' என்று அடம்பிடிப்பது இதனால்தான். '+ஜிசிஐ' கட்டளையை ஏற்கும் மோடம் என்றால் நாட்டுக் குறியீட்டைச் சரிசெய்யுங்கள்: அமெரிக்காவுக்கு பி5 (இந்தப் 'பி' ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து), இந்தியாவுக்கு 53.

எஸ் ரெஜிஸ்டர்களில் (மோடம் தன் அமைப்பு அளவுகளை வைத்திருக்கும் இடங்கள்) நமக்குத் தேவையானவை நான்கு. எஸ்6, எக்ஸ்3 நிலையில் ரிசீவர் எடுத்தபின் முதல் எண்ணுக்கு முன் காத்திருக்கும் வினாடிகள், வழக்கமாக 2. எஸ்7, டயல் முடிந்தபின் கேரியருக்காகக் காத்திருக்கும் மொத்த வினாடிகள். 50 அல்லது 60 என்று வரும். எஸ்8, ஒரு கமாவின் நீளம். வழக்கமாக 2 வினாடி. எஸ்11, ஒவ்வொரு டோனும் ஒலிக்கும் மில்லிவினாடிகள். பல மோடம்களில் 95, யுஎஸ் ரோபோடிக்ஸில் 70. தொலைபேசி நிலையத்துக்கு 70 போதும். குரல் இயந்திரங்களுக்கு அது பல சமயம் போதாது. பேச்சின் நடுவே வேகமாக ஓடும் டோன்களில் ஒன்றை விட்டுவிட்டு "தவறான எண்" என்று சொல்லிவிடும். 'ஏடிஎஸ்11=120' வைத்துத் தொடங்குங்கள். மொத்த டயல் நேரம் ஓரிரு வினாடிதான் கூடும், அது இழப்பே இல்லை.

டயல் ஸ்ட்ரிங்கில் நுழையும் குறிகள்

கமா மிக எளியது: எஸ்8-இல் உள்ள அளவு நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு.

டபிள்யூ, டயல் டோன் கேட்கும்வரை நிற்கும். எஸ்7 நேரத்துக்குள் கேட்காவிட்டால் 'நோ டயல்டோன்' சொல்லிவிட்டு வைத்துவிடும். எக்ஸ்3 போட்டிருந்தாலும் ஸ்ட்ரிங்கின் நடுவில் வரும் டபிள்யூ தன் வேலையைச் செய்யும். அதாவது பிபிஎக்ஸின் புரியாத உள் டோனைப் பொருட்படுத்தாமல் 9 அழுத்திவிட்டு, பொது நிலையத்தின் டோனுக்கு மட்டும் காது கொடுக்கலாம். இந்தச் சேர்க்கை பிபிஎக்ஸ் டயலிங்குக்கே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

@ குறிதான் அதிகம் குழப்புவது. 5 வினாடி அமைதிக்காகக் காத்திருப்பது அதன் பணி. அமெரிக்க ரிங் 2 வினாடி ஒலித்து 4 வினாடி ஓயும். அந்த 4 வினாடி ஓய்வு 5-ஐ எட்டாது, எனவே ரிங் அடிக்கும்வரை @ பொறுமையாக நிற்கும். குரல் பேசி முடித்து 5 வினாடி அமைதியானதும் அடுத்த எண்ணுக்கு நகரும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மோடத்துக்கு மோடம் இதன் பொருள் மாறும். பழைய ஹேய்ஸ் முறையில் ஒரு ரிங்காவது கேட்டபின் வரும் அமைதியைத்தான் எண்ணும். ராக்வெல் சிப் கொண்டவை எந்த அமைதியானாலும் எண்ணும். டயல் முடிந்து ரிங் தொடங்கும் முன் அழைப்பு இணைவதற்கே ஐந்தாறு வினாடி ஆகும் லைனில், ராக்வெல் மோடம் அந்த அமைதியைப் பார்த்து "குரல் முடிந்துவிட்டது" என்று முடிவுகட்டி அட்டை எண்ணை வெற்று லைனில் கொட்டிவிடும். அதைத் தடுக்க @-க்கு முன் இரண்டு மூன்று கமா போடுங்கள். இன்னொரு சிக்கல் ஜன்னலைப் பற்றியது: அறிவிப்பு 5 வினாடி இடைவெளி விடாமல் திரும்பத் திரும்ப ஒலித்தால், அல்லது பின்னணியில் இசை ஓடினால், @ ஒருபோதும் திருப்தியடையாது, எஸ்7 தீர்ந்ததும் 'நோ ஆன்சர்' வரும். காலிங் கார்டுக்கு நாங்கள் @-ஐவிடக் கமாக்களையே நம்புகிறோம். எதிர்முனை அலுவலகத்தில் தானியங்கி வரவேற்புக் குரல் ஒரே முறை பேசி, எக்ஸ்டென்ஷன் எண் கேட்கும் இடங்களில் @ நன்றாக வேலை செய்யும்.

$ என்பது காலிங் கார்டின் 'பாங்' ஒலிக்காகக் காத்திருப்பது. # பொத்தானின் டோன் 60 மில்லிவினாடி ஒலித்து, பிறகு டயல் டோன் மெல்லத் தேய்ந்து மறைவதுபோல் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கும் ஒலி அது. போனில் கேட்டபோது அந்த ஒலி தெளிவாக இருந்து, மோடமும் இந்தக் குறியை ஏற்றால் மட்டும் பயன்படுத்துங்கள்.

! ஒரு ஹூக் ஃப்ளாஷ், அதாவது லைனை ஒரு கணம் வைத்து எடுப்பது. அழைப்பை வேறு எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றும் பிபிஎக்ஸ்களில் தேவைப்படும். ஃப்ளாஷ் நீளம் பிபிஎக்ஸ் எதிர்பார்ப்பதைவிட அதிகமானால், லைனை வைத்துவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். ராக்வெல் மோடம்களில் எஸ்29-இல் இதைப் பத்து மில்லிவினாடி அலகில் மாற்றலாம்.

ஸ்ட்ரிங்கின் நடுவில் டோனின் டி-யையும் பல்ஸின் பி-யையும் போட்டு முறையை மாற்றலாம். பழைய நிலையம் பல்ஸ் மட்டுமே ஏற்றால், கட்டணமில்லா எண்வரை பல்ஸில் போய், அதன்பின் டோனுக்கு மாற வேண்டும், ஏனென்றால் அட்டை இயந்திரத்துக்குப் பல்ஸ் கேட்காது. பல்ஸ் லைனில் * அழுத்த வழியில்லை. அதனால்தான் வட அமெரிக்காவில் கால் வெயிட்டிங்கை நிறுத்த டோனில் *70, பல்ஸில் 1170 என்று இரண்டு உள்ளன.

அரைப்புள்ளி (;) ஸ்ட்ரிங்கின் கடைசியில் வரும். டயல் செய்துவிட்டு, லைனைத் திறந்தே வைத்து, கட்டளை நிலைக்குத் திரும்பி 'ஓகே' சொல்லும். சிக்கலான அழைப்புகளுக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

ஸ்ட்ரிங்கைக் கட்டுவது

தாளில் உள்ள நேரங்களைக் கமாக்களாக்குவோம். கட்டணமில்லா எண்ணுக்குப்பின் 11 வினாடி, 2 சேர்த்து 13. எஸ்8 இரண்டு என்றால் 7 கமா. அட்டை எண்ணுக்குப்பின் 4, 2 சேர்த்து 6, 3 கமா. ஒரே வரியில்:

ஏடிஎக்ஸ்3டிடி 9 டபிள்யூ 1 800 555 0199 ,,,,,,, 40015566 # ,,, 1 212 555 0142

இதை எண்ணிப் பாருங்கள். இடைவெளியையும் தொடக்கத்து 'ஏடி'-யையும் விட்டால், மோடத்துக்குப் போகும் எழுத்தும் எண்ணும் குறியும் சேர்த்து 47. பழைய ஹேய்ஸ் வகை மோடம்களின் கட்டளை பஃபர் 40 எழுத்துகளே கொள்ளும். மீறினால் நல்ல வேளையாக 'எரர்' வரும். கெட்ட வேளையாக, வாலை வெட்டிவிட்டு மீதியை டயல் செய்யும். அப்போது அட்டை இயந்திரம் "எண் முழுமையாக இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க, நாம் அட்டையைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம்.

எஸ்8-ஐ 7 என்று உயர்த்தினால் கமா குறையும். ஆனால் எல்லாக் கமாவும் 7 வினாடி ஆகிவிடுவதால் 6 வினாடி தேவைப்படும் இடத்திலும் ஜன்னல் தள்ளிப்போகும். இதைவிட ஸ்ட்ரிங்கைத் துண்டாக்குவதே மேல்:

ஏடிஎக்ஸ்3டிடி 9 டபிள்யூ 1 800 555 0199 ;
('ஓகே' வரட்டும்)
ஏடிஎஸ்8=6
('ஓகே')
ஏடிடிடி ,, 40015566 # ;
('ஓகே')
ஏடிடிடி , 1 212 555 0142

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 'ஓகே' வருவதற்கு முன் ஒரு விசையைத் தொட்டாலும் மோடம் அழைப்பையே கைவிட்டுவிடும். டயல் ஓடும்போது வரும் எந்த எழுத்தும் 'நிறுத்து' என்பதற்குச் சமம். இரண்டாவது, நடுவில் 'ஏடிஎச்' அல்லது மோடத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் 'ஏடிஇசட்' கொடுத்தால் லைன் போய்விடும். மூன்றாவது, லைன் ஏற்கெனவே திறந்திருந்தாலும் சில மோடம்கள் ஒவ்வொரு புதிய 'ஏடிடிடி'-க்கும் எஸ்6-இன் 2 வினாடியைக் காத்திருக்கும். எக்ஸ்4 இருந்தால் டயல் டோனையே மறுபடி கேட்கும். முதல் வரியில் எக்ஸ்3 வைத்ததன் முழுப் பலனும் இங்கேதான் தெரியும். உங்கள் மோடம் 2 வினாடி கூட எடுக்கிறதா என்பதை ஸ்பீக்கரில் கேட்டு, அதற்கேற்பக் கமாவைக் குறையுங்கள்.

கடைசித் துண்டில் அரைப்புள்ளி வரக்கூடாது. வந்தால் எதிர்முனை கீச்சிட்டுக்கொண்டே இருக்கும், நம் மோடம் பதில் பேசாது.

எஸ்7-ஐக் கடைசித் துண்டுக்கு முன் 90 ஆக்குங்கள். 6 வினாடியில் ரிங், எதிர்முனை இரண்டு மூன்று ரிங்கில் எடுப்பது, பிறகு இரு மோடங்களும் பேசி இணைவதற்குப் பதினைந்து இருபது வினாடி என்று பார்த்தால் 50 இழுபறியாகிவிடும். மென்பொருளிலும் தனிக் காலவரம்பு இருந்தால் அது எஸ்7-ஐவிடப் பெரியதாக இருக்கட்டும்.

9, 1, 1: இந்த இடத்தில் அவசரம் வேண்டாம்

அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு அழைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்பு முன்னொட்டு 011, இந்தியாவின் குறியீடு 91, டெல்லியின் குறியீடு 11. வெளி லைன் தயாராகும் முன்பே மோடம் டயல் செய்யத் தொடங்கினால் முதல் மூன்று எண்களான 011 காற்றில் போகும். நிலையத்தின் காதில் விழும் முதல் எண்கள் 9, 1, 1. அவசர உதவி மையம் எடுத்துவிடும், மோடமோ கீச்சிட்டுக்கொண்டிருக்கும். தானாகத் திரும்பத் திரும்ப அழைக்கும்படி வைத்திருந்தால் இரவு முழுவதும் இது நடக்கலாம், உயிருக்குப் போராடும் ஒருவரின் அழைப்பு வரிசையில் நிற்கலாம். சென்னைக்கு 91 44 என்பதால் இந்த ஆபத்து நேராக இல்லை. ஆனால் வெளி லைனுக்கு 9, தொலை அழைப்புக்கு 1 என்ற சேர்க்கையே ஒரு 1 கூடினால் 911 ஆகிவிடும். கேரிஸ் லா என்ற சட்டம் 2020 பிப்ரவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தபின், புதிய அலுவலக பிபிஎக்ஸ்கள் முன்னொட்டு இல்லாமலே 911-ஐ இணைக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எனவே 9-க்குப்பின் எப்போதும் டபிள்யூ. அது வேலை செய்யாத பிபிஎக்ஸில் குறைந்தது இரண்டு கமா. தானியங்கி மறு அழைப்பை மூன்றோடு நிறுத்துங்கள். முதல் சோதனைகளை ஆள் பக்கத்தில் இருந்து, ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

விண்டோஸிலும் லினக்ஸிலும்

விண்டோஸ் எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலின் ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ், டயலிங் ரூல்ஸ் தாவல், எடிட். வெளி லைன் கட்டத்தில் 9 டபிள்யூ. காலிங் கார்டு தாவலில் புதிய அட்டை தொடங்கி, கணக்கு எண், பின் எண், அணுகல் எண் மூன்றையும் நிரப்புங்கள். அங்கே பொத்தான்களை அழுத்தியே படிகளை வரிசையாக அடுக்கலாம்: அணுகல் எண், காத்திரு, கணக்கு எண், காத்திரு, சேரும் எண். 'காத்திரு' என்பதில் டயல் டோன், குரல் முடிவது, இத்தனை வினாடி என்று மூன்று தேர்வு உண்டு. 'குரல் முடிவது' என்பது கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் மோடத்தின் காது விண்டோஸால் கூர்மையாகிவிடாது. வினாடியைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பின் பண்புகளில் 'யூஸ் டயலிங் ரூல்ஸ்' என்பதைத் தேர்வு செய்யாவிட்டால் இத்தனை உழைப்பும் வீண். வெறும் எண்தான் போகும். 'வெயிட் ஃபார் டயல் டோன்' என்ற கட்டத்தின் தேர்வை நீக்குவது எக்ஸ்3-க்குச் சமம். எஸ்11, எஸ்7 போன்றவற்றை அட்வான்ஸ்டு தாவலின் கூடுதல் தொடக்கக் கட்டளைகளில் எழுதுங்கள்.

விண்டோஸ் 95, 98-இல் மோடத்தின் ஆப்ஷன்ஸ் தாவலில் 'கிரெடிட் கார்டு டோனுக்குக் காத்திரு' என்று ஒரு கட்டம் உண்டு, 8 வினாடி என்று வரும். $ குறியை ஏற்காத மோடத்துக்கு அந்த இடத்தில் காத்திருக்கும் அளவு அது.

லினக்ஸில், டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபிடி-யோடு வரும் சாட் நிரல் இந்த வேலைக்குப் பிறந்தது என்றே சொல்லலாம். 'இதை எதிர்பார், இதை அனுப்பு' என்ற ஜோடிகளால் ஆனது அதன் ஸ்கிரிப்ட். மேலே துண்டாக்கிய நான்கு வரிகளையும் அனுப்பும் பக்கத்திலும், ஒவ்வொன்றுக்கும் பின் ஓகே-யை எதிர்பார்க்கும் பக்கத்திலும், கடைசியில் கனெக்டையும் வைத்தால் போதும். பிஸி, நோ கேரியர், நோ டயல்டோன், எரர் நான்கையும் தொடக்கத்திலேயே அபார்ட் (வந்தால் உடனே கைவிடு) பட்டியலில் சேருங்கள். சாட்டின் இயல்பான காலவரம்பு 45 வினாடிதான், அதை 120 ஆக்குங்கள். ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பில் வைத்துக் கொடுங்கள். ஷெல் கட்டளை வரியில் நேராக எழுதினால் அரைப்புள்ளியையும் #-ஐயும் !-ஐயும் ஷெல் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அட்டை எண் இருக்கும் கோப்பை உரிமையாளர் மட்டும் படிக்கும்படி பூட்டுங்கள்.

தோற்றால் எங்கே பார்ப்பது

உடனே 'நோ டயல்டோன்' வந்தால்: எக்ஸ்3 போகவில்லை. எக்ஸ்4-இலேயே இருக்க வேண்டிய நேரடி லைன் என்றால், குரலஞ்சல் காத்திருக்கிறதா பாருங்கள். செய்தி இருந்தால் டயல் டோன் விட்டுவிட்டு ஒலிக்கும், மோடம் அதை டோன் என்றே ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

டயல் நடுவிலேயே 'பிஸி' வருகிறது, ஸ்பீக்கரில் பிஸி டோன் கேட்கவில்லை என்றால்: அட்டை நிறுவனத்தின் குரலிலோ இசையிலோ பிஸி போல ஒன்று மோடத்துக்குக் கேட்கிறது. எக்ஸ்1-க்கு இறங்குங்கள்.

"தவறான அட்டை எண்" சில நாள் மட்டும் வந்தால் ஜன்னலின் விளிம்பில் இருக்கிறீர்கள். ஒரு கமா கூட்டுங்கள். எல்லா நாளும் வந்தால் எஸ்11-ஐ 150 ஆக்கிப் பாருங்கள், # தேவையா என்பதையும் போனில் மறுபடி கேளுங்கள். # தேவையில்லாத இயந்திரத்தில் அதை அழுத்தினால் அடுத்த எண்ணின் முதல் இலக்கமாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

எதிர்முனைக் கீச்சொலி கேட்டும் 'நோ கேரியர்' என்றால் எஸ்7 போதவில்லை, அல்லது லைன் தரம் போதவில்லை. எஸ்7-ஐ மென்பொருள் மேலெழுதிவிடுகிறதா என்று 'ஏடிஎஸ்7?' கேட்டு உறுதிசெய்யுங்கள்.

சோதித்துச் சோதித்து, கடைசியில் மோடம் டயலே செய்யாமல் 'டிலேய்டு' அல்லது 'பிளாக்லிஸ்டட்' என்று சொன்னால் பதற வேண்டாம். சில நாடுகளின் விதிப்படி ஒரே எண்ணுக்குத் தொடர்ந்து தோற்ற அழைப்புகளுக்கு மோடமே இடைவெளி விடும். சிறிது நேரம் கழித்து மீண்டும் தொடங்குங்கள்.

இணையத் தொலைபேசி லைனில்

இன்று மோடத்தின் பின்னால் செம்புக் கம்பிக்குப் பதிலாக, சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் ஏடிஏ பெட்டி இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே டபிள்யூ பல சமயம் பயனற்றுப்போகும், ஏனென்றால் 9-க்குப்பின் இரண்டாவது டோன் வராது. மோடம் எஸ்7 தீரும்வரை நின்று தோற்கும். 9-ஐயும் எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள். முக்கியமாக, எண்ணின் நடுவில் கமா போடாதீர்கள். எண்களுக்கு இடையே சில வினாடி அமைதி வந்தால் "எண் முடிந்தது" என்று ஏடிஏ முடிவுசெய்து அரைகுறை எண்ணை அழைத்துவிடும். அழைப்பு இணைந்தபின் வரும் கமாக்களுக்கு இந்தத் தடை இல்லை.

ஏடிஏ அமைப்பில் கோடெக் (ஒலியை எண்வடிவாக்கும் முறை) ஜி.711 மட்டும் இருக்கட்டும்; சைலன்ஸ் சப்ரஷனை (அமைதியான நேரத்தில் ஒலியை அனுப்பாமல் விடுவது) அணையுங்கள். வேகத்தைக் கட்டிவைப்பதும் அவசியம். 'ஏடி+எம்எஸ்=வி32பி' (இங்கேயும் 'பி' அகரவரிசையின் இரண்டாம் எழுத்து) கொடுத்து 14,400-க்கு மேல் போகாமல் வையுங்கள்; அதுவும் அறுந்தால் 'ஏடி+எம்எஸ்=வி22பி', அதாவது 2,400. ரவுட்டர் கன்சோலில் நாலு கட்டளை தட்ட 2,400 தாராளம். எல்லாம் சரியானதும் 'ஏடி&டபிள்யூ' கொடுத்துச் சேமித்து, மின்சாரத்தை ஒரு முறை நிறுத்திப் போட்டு, 'ஏடி&வி' மூலம் எஸ்7, எஸ்8, எஸ்11 மூன்றும் நீங்கள் வைத்தபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டு துண்டாக டயல் செய்தபோது மாற்றிய எஸ்8=6 அப்படியே சேமிக்கப்பட்டிருந்தால் அதை 2-க்குத் திருப்பிவிட்டு மறுபடி சேமியுங்கள்.